பழைய டைலும் புதிய குளியலறையும்

கல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள லேக் மார்க்கெட்டைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த அதிகச் சொற்கள் வேண்டியதில்லை. வாழையிலை, மல்லிகைச் சரம், முருங்கைக்காய், அரைத்த சூடு ஆறாத காப்பிப் பொடி ஆகிய யாவும் ராஷ்பிகாரி அவென்யூவில் நாலடி நடப்பதற்குள் கைக்கு எட்டும் பேட்டை அது. கம்பெனிகளிலும் சர்க்கார் காரியாலயங்களிலும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வேலைக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்திருக்கின்றன. பேட்டைக்குப் பெயர் கொடுத்த ஏரி 1920-களில் நகர அபிவிருத்தி டிரஸ்டு வெட்டியது. 1958-ல் அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் சூட்டினார்கள். 2001-ல் நகரமே கொல்கத்தா ஆயிற்று. பழைய மார்க்கெட் கட்டடம் போய், அந்த இடத்தில் லேக் மால் நிற்கிறது. இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருப்பது ஒன்று உண்டு. எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகள் சுற்றுத் தெருக்களில் இன்னும் எஞ்சியிருக்கின்றன அல்லவா? அவற்றில் பலவற்றின் குளியலறைதான் அது. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

வங்காளியில் அந்த அறைக்குக் 'கல்கர்' என்று ஒரு பெயர் வழங்குகிறது. இந்தக் 'கல்' நம்முடைய கல் அன்று. குழாய் என்று பொருள். நாம் குளிப்பதை வைத்துப் பெயரிட்டோம். அவர்கள் குழாயை வைத்துப் பெயரிட்டார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய வேற்றுமைகளில் ஒரு ருசி உண்டு. ஆனால் நான் இதைச் சொல்வது அதற்காக அல்ல. பழைய அறையைப் பழுதுபார்க்கப் புகுந்தால் வங்காளிகள் வைத்த பெயர்தான் நமக்கு வழிகாட்டும். ஏனெனில் கோளாறு பெரும்பாலும் குழாயில் இருக்கிறது; நாம் கோபித்துக் கொள்வதோ சுவரில் ஒட்டியிருக்கும் டைலை.

அந்த அறையை ஒரு முறை மனக்கண்ணால் பாருங்கள். சுவரில் நாலடி உயரத்துக்கு 6 அங்குலச் சதுரமான வெள்ளைப் பீங்கான் டைல். அதன் தலைமாட்டில் கறுப்பிலோ பச்சையிலோ ஒரு மெல்லிய பட்டை. தரையில் மொசெய்க், அல்லது கறுப்பு விளிம்பு கட்டிய சிவப்புச் சிமிட்டித் தரை. ஒரு மூலையில் தொட்டி, அதாவது வங்காளிகள் 'சௌபாச்சா' என்று சொல்லும் கட்டுத்தொட்டி. மற்றொரு மூலையில் படி உயர்த்திக் கட்டிய குந்து பீடம். அதற்கு மேலே சங்கிலி தொங்கும் இரும்புத் தொட்டி. (டைலை 'ஓடு' என்று எழுத வேண்டும் என்பது அகராதியின் விருப்பம். 'ஓடு விழுந்துவிட்டது' என்றால் வீட்டார் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்கள். ஆகவே டைல் என்றே சொல்கிறேன்.)

இப்போது இந்த அறை ஏன் பேச்சுக்கு வருகிறது? வீட்டில் குளியலறை ஒன்று. மனிதர்கள் ஐந்தாறு பேர். அவர்களில் இருவர் எழுபதைக் கடந்தவர்கள். குந்தி எழ முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஈரத் தரையில் கால் ஒரு முறை வழுக்கினால், அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்து, நடமாடிக் கொண்டிருந்தவர் படுக்கையோடு நின்று விடுகிறார். பிள்ளைகள் கலங்கிப் போய் ஒரு காண்டிராக்டரை அழைத்து வருகிறார்கள். அவர் அறையை அரை நிமிஷம் பார்த்து விட்டு, "எல்லாவற்றையும் உடைத்து விடுவோம்" என்கிறார். அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் குடும்பம் பேசாமல் இருந்து விடுகிறது. அடுத்த ஆண்டும் அதே ஈரத் தரை. அதே குந்து பீடம். பணம் இல்லாததால் மட்டும் காரியம் நின்று போகவில்லை என்பது என் அபிப்பிராயம். செய்தால் முழுவதும் செய்வது, இல்லாவிட்டால் ஒன்றுமே செய்யாதிருப்பது என்ற எண்ணமே அதை நிறுத்தி வைக்கிறது.

உடைப்பது என்றால் என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 அடிக்கு 5 அடி உள்ள அறை என்று வையுங்கள். சுற்றளவு 22 அடி. கதவுக்கு இரண்டரை அடி கழித்தால் 19½. நாலடி உயரத்துக்கு 78 சதுர அடி ஆகிறது. சதுர அடிக்கு நாலு டைல் வீதம் 312 டைல். அவற்றைப் பிடித்து நிற்கும் காரை ஒன்றரை அங்குலக் கனம் இருக்கும். தரையையும் மூன்று அங்குலம் கொத்தினால், சுவரும் தரையுமாக ஏறத்தாழ 17 கன அடி இடிபாடு சேரும். அது முக்கால் டன்னுக்குக் குறையாது. குறுகிய மாடிப்படி வழியே அதைக் கூடை கூடையாக இறக்க வேண்டும். பழைய சுவர் பல வீடுகளில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டியது. சம்மட்டி அடி விழும்போது டைல் மட்டும் உதிர்வதில்லை, அதன் பின்னுள்ள செங்கல்லும் ஆட்டம் காண்கிறது. கீழ்வீட்டுக் கூரையில் காரை பெயர்கிறது. அயலாரோடு பேச்சு வளர்கிறது. இவ்வளவும் நடக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஆறு பேர் எங்கே குளிப்பது? இந்தச் செலவை எந்தக் காண்டிராக்டரும் தம் மதிப்பீட்டில் எழுதுவதில்லை.

டைல் மீது குற்றம் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக் கொண்டு ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பாருங்கள். கட்டியான ஒலி வந்தால் அது சுவரைப் பற்றிக் கொண்டிருக்கிறது; பொய்யொலி வந்தால் பின்னால் காற்று புகுந்திருக்கிறது. பொய்யொலி தரும் டைல்களுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து வாருங்கள். பத்தோ இருபதோ தேறினால் அவற்றை மட்டும் எடுத்துத் திரும்பப் பதித்தால் போதும். சுவரில் பாதிக்கு மேல் பொய்யொலி கேட்டால், காண்டிராக்டர் சொன்னதே சரி. அப்போது என் பேச்சை மறந்து விடுங்கள்.

அடுத்தது தரை. ஜலதாரையின் வாயைத் துணியால் இறுக அடைத்து, ஓர் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுதும் வைத்திருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால் நோய் தரையிலோ ஜலதாரையைச் சுற்றிய இணைப்பிலோ இருக்கிறது. கசியாமல், சுவரில் மட்டும் ஈரம் படர்ந்தால் அது குழாயின் வேலை. பழைய வீடுகளில் நாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடித்து இளைத்துப் போயிருக்கும். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறமாக வருவது அதன் ஓர் அறிகுறி. கையிலுள்ள பணத்தில் முதல் பங்கு குழாய்க்கும் ஜலதாரைக்கும்தான் போக வேண்டும். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். அழகான முகம் பார்க்கும் கண்ணாடியும் பளபளக்கும் குழாய்த் தலையும் வாங்கி வைத்து விட்டு, சுவருக்குள் துருவை விட்டு வைப்பவர்கள் பலர்.

குழாயை மாற்ற டைலை உடைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பழைய குழாயின் வாயை அடைத்து அதைச் சுவருக்குள்ளேயே ஓய்வெடுக்க விட்டு விடலாம். சுடுநீர் தாங்கும் சி.பி.வி.சி. குழாயை டைல் வரிசைக்கு மேலே, சுவரின் வெளிப்புறமாகவே கிளிப் வைத்து ஓட்டி, வேண்டிய இடத்தில் கீழே இறக்கிக் கொள்ளலாம். சாதாரண பி.வி.சி. சுடுநீருக்கு ஆகாது. வெளியே தெரியும் குழாய் அவலட்சணம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒழுக்கு ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரியும், ஸ்பானரால் சரி செய்யலாம் என்பதைவிடச் சிறந்த லட்சணம் குளியலறைக் குழாய்க்கு என்ன இருக்கிறது?

கல்கத்தாவுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். பல்தாவில் சுத்திகரித்த ஹூக்ளி நீரைக் குடிப்பதற்கு வழங்கும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. 1911-ல் கட்டி முடித்த டாலா தொட்டி 90 லட்சம் காலன் கொள்ளக் கூடியது. இதனோடு, தெருக் கழுவவும் கக்கூசில் ஊற்றவும் வடிகட்டாத கங்கை நீரைத் தனிக் குழாய்களில் அனுப்பும் வழக்கமும் இந்நகரில் இருந்தது. ஆகையால் பழைய வீட்டுச் சுவரில் இரண்டு குழாய்கள் வந்து நிற்கக் கூடும். அவை இரட்டைப் பிறவிகளைப் போலவே தோன்றும். எது எங்கிருந்து வருகிறது என்று நிச்சயம் செய்து கொள்ளாமல் புதுக் குழாயை ஒன்றோடு இணைப்பது ஆபத்து. குடிநீரில் ஆற்று நீர் கலந்தால் அந்த வீட்டுக்கு நேர்வது மிகப் பெரிய தீங்கு. அனுபவமுள்ள உள்ளூர் மிஸ்திரிக்கு இந்தச் சங்கதி தெரிந்திருக்கும்; புதிதாக வந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனித் தொட்டிக்கு வருவோம். குழாயில் குறிப்பிட்ட மணி நேரமே தண்ணீர் வந்த காலத்தில் சௌபாச்சா இல்லாமல் குடும்பம் நடந்திராது. 3 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளும். வைசாக மாதத்து வெயிலில் அதிலிருந்து மொண்டு விட்டுக் கொள்ளும் முதல் சொம்புத் தண்ணீரின் சுகத்தை ஷவர் தராது என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். ஆனால் நாம் சொன்ன 30 சதுர அடி அறையில் அது அடைத்திருப்பது ஏழரைச் சதுர அடி. சரியாக நாலில் ஒரு பங்கு. மாடித் தொட்டியிலிருந்து நாள் முழுதும் நீர் வரும் வீட்டில் அதன் வேலையும் முடிந்து விட்டது. தெளிந்த நீர் தேங்கி நின்றால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். முட்டை, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நீரை மாற்றினால் மட்டும் தீராது. நீர் மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டைகள் ஒட்டிக் கொண்டிருக்கும், அதையும் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரந்தோறும் குனிந்து தொட்டியைத் தேய்க்க எழுபது வயது மாமியால் ஆகுமா?

ஆகவே உடைக்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது தொட்டிதான். அதிலும் ஓர் லாபம் இருக்கிறது. பல வீடுகளில் சுவருக்கு இட்ட அதே டைலைத்தான் தொட்டிக்கும் இட்டிருப்பார்கள். மூலையில் கட்டிய தொட்டியின் இரண்டு வெளிப்பக்கங்களில் மட்டும் 55 டைல் இருக்கும். உளியைத் தட்டையாகப் பிடித்து, ஓரத்திலிருந்து பொறுமையாக நெம்பி எடுத்தால் பாதியாவது முழுசாக வரும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் இன்னும் சுலபம். இறுகிய சிமிட்டியாக இருந்தால் பாதியே பாக்கியம். சுவரில் பென்சில் புள்ளி வைத்தோமே, உடைந்தவற்றுக்குப் பதிலாக இந்த இருபத்தேழு டைலும் அங்கே போய் உட்காரும். நிறத்தில், வயதில், அளவில் அவை ஒன்றே. வெறும் சுவரிலோ கடையிலோ தேடினால் அப்படிப்பட்ட ஜோடி அகப்படாது.

கடையில் ஏன் அகப்படாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பழைய டைல் 6 அங்குலம், அதாவது 152 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நாடு மெட்ரிக் அளவுக்கு மாறிய பின் வந்தது 150 மில்லிமீட்டர். ஒரு டைலில் இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. பத்து டைல் வரிசையில் அது 24 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அங்குலம். வரிசைகள் ஒன்றோடொன்று சேராமல் கோணலாகப் போகும். இப்போது குஜராத்தில் மோர்பியிலிருந்து மலை மலையாக வந்து குவியும் டைல்களோ இதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஒட்டுப் போட வேறு டைல் வாங்கத்தான் வேண்டுமென்றால், பொருந்துவது போல் ஒன்றைத் தேடி அலைவதை விட, துணிந்து கறுப்பில் ஒரு முழு வரிசை வைப்பது மேல். ஒட்டு என்று தெரியாது. பட்டை என்று நினைத்துக் கொள்வார்கள்.

தொட்டி எடுத்த இடத்தில் தரைக்குப் புதுப் பூச்சு தேவைப்படும். அங்கே ஜலதாரையை நோக்கிய சரிவைக் கவனியுங்கள். 80 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் தாழ்ந்தால் தண்ணீர் தானே ஓடும். ஐந்தடி அறைக்கு முக்கால் அங்குலம்தான். பழைய மொசெய்க்கோடு நிறம் சேர்க்க முயன்று யாரும் வென்றதில்லை. சிவப்புப் பூச்சாக இட்டு விடலாம். குளிப்பவர் உட்கார அகலக் கால் உள்ள ஒரு முக்காலியை அந்த இடத்தில் போட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் குழாயை வையுங்கள்.

உட்காரும் கமோடு, குந்து பீடம் இருந்த மூலையிலேயே வர வேண்டும். நாலங்குல மலக்குழாய் அங்கே இருக்கிறது. அதை அறையின் மறுபக்கம் கொண்டு போவது பணத்தைக் கரைக்கும் வேலை. கமோடு வாங்கப் போகும் முன், கழிவு வெளியேறும் வாய் தரையில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா, சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து தாளில் குறித்துக் கொண்டு போக வேண்டும். பீடத்தின் படி கால் தடுக்கும் இடம். அதை எடுத்து விடுவது நல்லது. பழைய சங்கிலித் தொட்டி ஒரு முறைக்கு 12 லிட்டர் அளவில் கொட்டிற்று. இரட்டைப் பொத்தான் உள்ள இன்றைய தொட்டி 3 லிட்டரிலும் 6 லிட்டரிலும் காரியத்தை முடிக்கிறது. பக்கச் சுவரில் மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் எஃகுப் பிடி ஒன்று வேண்டும். துளையை டைலின் நடுவில் போடாமல் இணைப்பில் போடலாம். துளைக் கருவியின் சம்மட்டி ஓட்டத்தை நிறுத்தி விட்டு மெதுவாகச் செய்தால் பழைய பீங்கான் வெடிப்பதில்லை. திருகு காரையோடு நின்று விடாமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். மனிதனின் முழுப் பாரத்தைத் தாங்காத பிடி, பிடி இல்லாததை விடக் கெடுதல். கதவு உட்புறம் திறப்பதாக இருந்தால் வெளிப்புறம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தச்சருக்கு ஒரு பகல் வேலை. நான் சொன்னவற்றில் மிகக் குறைந்த செலவும் இதுதான்.

டைலின் இணைப்புகளைப் பற்றி. வெள்ளைச் சுவர் கிழடு தட்டித் தோன்றுவதற்குக் காரணம் டைல் அன்று. கறுத்துப் போன இணைப்பு. ரம்பத் தகட்டின் உடைந்த துண்டால் இணைப்புகளைச் சுரண்டி, தூசு தட்டி, புது இணைப்புப் பொடியை நீரில் குழைத்து நிரப்ப வேண்டும். வெள்ளைப் பொடி வாங்க வேண்டாம். மஞ்சள் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் அது ஒரு மாதத்தில் நிறம் மாறி விடும், இளஞ்சாம்பலே உகந்தது. எபாக்ஸி என்னும் பிசின் வகை விலை அதிகம்; தரையை ஒட்டிய இரண்டு வரிசைகளுக்கும் கமோடைச் சுற்றியும் மட்டும் அதை உபயோகித்தால் போதும். சுவரும் தரையும் கூடும் மூலையில் சிமிட்டி நிற்காது, வெடிக்கும். அங்கே வளைந்து கொடுக்கும் சிலிகோன். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை அன்றோடு நிறுத்தி விட வேண்டும். அது அழுக்கை மட்டுமா தின்கிறது? இணைப்பிலுள்ள சிமிட்டியையும் தின்று, டைலின் மெருகையும் அரிக்கிறது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் எழும் குளோரின் வாயு மூச்சையே அடைக்கும்.

நம்மவர் வீட்டுத் தரைக்குத் தனி ஆபத்து ஒன்றும் உண்டு, எண்ணெய் ஸ்நானம். சனிக்கிழமை நல்லெண்ணெய் தரையில் மெல்லிய படலமாகத் தங்குகிறது. பார்வைக்குத் தெரியாது, பாதத்துக்குத் தெரியும். கடைசியாகக் குளித்தவர் ஒரு பிடி சலவைச் சோடாவைச் சுடுநீரில் கரைத்துத் தேய்த்து விட்டு வர வேண்டும். சீயக்காய்ச் சக்கையை ஜலதாரையில் விடாமல் வடிகட்டி எடுப்பதும் அதே கையோடு ஆகட்டும்.

இந்தப் பேட்டையில் குடியிருப்போர் பலர் நெடுநாளைய வாடகைதாரர்கள். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, உரிமையாளரின் சம்மதமின்றிக் குத்தகைதாரர் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பலாகாது என்கிறது. மேற்கு வங்காளத்துக்கு 1997-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இருக்கிறது. பழுதுபார்ப்பது எதுவரை, கட்டுவது எங்கிருந்து என்பது வக்கீல்களுக்குச் சோறு போடும் கேள்வி. தொட்டியை எடுப்பதற்கு முன் செய்யப் போவதை ஒரு தாளில் விவரமாக எழுதி, வீட்டுக்காரரின் எழுத்து மூலமான ஒப்புதலை வாங்கி வைத்துக் கொள்வது வம்பில்லாத வழி. டைலையும் தரையையும் அப்படியே விட்டு வைக்கிறோம் என்று அதில் எழுதக் கூடியவருக்கு ஒப்புதல் எளிதில் கிடைக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளிலுள்ள ஆத்தங்குடிக் கற்களையும் ஜப்பானியப் பூ டைல்களையும் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். கல்கத்தாவின் சாதாரணத் தெருக்களிலுள்ள பழைய வீடுகளையும், அவற்றின் சிவப்புத் தரையையும், பச்சைச் சட்டப் பலகணிகளையும் காக்க வேண்டும் என்று எழுத்தாளர் அமித் சௌதுரி 2015-ல் ஓர் இயக்கம் தொடங்கினார். குளியலறையின் வெள்ளை டைலுக்கு அத்தகைய வக்கீல் எவரும் இல்லை. அதற்கு இருப்பதெல்லாம் இன்னும் விரிசல் விடாத உடம்பு ஒன்றே.

வேலை தொடங்கக் காளி பூஜை கழிந்த பிறகு, மழை ஓய்ந்த மாதங்கள் ஏற்றவை. பூஜைக் காலத்தில் மிஸ்திரி அகப்பட மாட்டார். குழாயும் கமோடும் முதலில், பிடியும் கதவும் அடுத்து, இணைப்பு கடைசியில். பணம் முடை என்றால் இரண்டு மாதங்களுக்குப் பிரித்துச் செய்யலாம். உடைத்தெறிந்து செய்யும் வேலையை அப்படிப் பிரிக்க இயலாது. எல்லாம் முடிந்து தொட்டி டைலில் ஏழெட்டு மிஞ்சினால், அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, இணைப்புப் பொடியின் பெயரையும் நிறத்தின் எண்ணையும் மேலே எழுதிப் பரண் மேல் வைத்து விடுங்கள்.